நெட்டையனுக்குக் கிடைத்த வேலை

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். சிமெண்ட் தரை, மழை பெய்தால் இரண்டு இடத்தில் தண்ணீர் தேங்கும். இரும்புக் கம்பத்தில் போர்டு. ரிங்கில் ஒரு காலத்தில் வலை இருந்ததற்கு அடையாளமாக நாலு கொக்கி மட்டும் மிச்சம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேற்குப் பக்க ரிங்கில் பந்து போடுகிறவன் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் போட வேண்டும். சூரியன் அந்தப் போர்டுக்குப் பின்னாலேயே இறங்கும்.

பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அங்கே ஆடிக்கொண்டிருந்தான். ஆறடி நாலங்குலம். கூட ஆடுகிறவர்கள் அவனை 'ஆஞ்சநேயா' என்று கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் உயரம் என்று பேச்செடுத்தால், தலைக்கு மேல் கூரை இல்லாமல் 18 அடிக்கு நிற்கும் நாமக்கல் ஆஞ்சநேயர் வராமல் இருக்க மாட்டார். பையனும் பந்து தன் அணியிடம் வந்ததும் ஓடிப்போய் ரிங்குக்குக் கீழே நின்றான், கையைத் தூக்கினான். பந்து வரவில்லை. வெளியிலிருந்து யாரோ ஒருவன் போட்டான், பந்து போர்டில் பட்டுத் தெறித்தது, இவன் எடுத்துத் திரும்பவும் வெளியே கொடுத்தான். முதல் பாதி முழுக்க எண்ணிப் பார்த்தேன். ஏழு தடவை பந்து அவன் கைக்கு வந்தது, ஏழும் ரீபவுண்ட். அவனைப் பார்த்து, அவனுக்கென்று ஒருவனும் ஒரு பாஸ் கொடுக்கவில்லை.

கோட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இதைப் பற்றித்தான் சண்டை.

"ஹைட்டு இருக்கறவன் அடியில நிக்கட்டுமுங்க. ரீபவுண்ட் எடுத்தாப் போதும். அவன் கைல பந்து குடுத்தா டிராவல் பண்ணிருவான்" என்றார் பி.டி. சார். பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நடந்துவிடுவதுதான் டிராவல்.

லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிற ஓர் அண்ணன், ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடியவர், விடவில்லை. "பந்தே குடுக்காம நிக்க வச்சா அவனுக்கும் அந்தக் கம்பத்துக்கும் என்ன வித்தியாசமுங் சார்? ஒவ்வொரு தடவையும் அவன்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க. நாப்பது பாயிண்ட் போடுவான்."

பக்கத்தில் பைக்கில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "இப்பல்லாம் யாருங்ணா ரிங்குக்குக் கீழ நிக்கறாங்க? அவனை வெளிய வரச் சொல்லித் த்ரீ போடப் பழக்குங்க."

மூன்று பேரும் ஒரே பையனைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் மூவரும் மூன்று வெவ்வேறு வருஷங்களில் நின்றுகொண்டு பேசினார்கள். சார் 1936-க்கு முன்னால், அண்ணன் 1962-ல், பையன் 2015-ல். அந்த வருஷங்களின் கதைதான் இது. 'சென்டர்' என்ற ஆளுக்கு அந்தப் பெயரும், அந்த இடமும், அந்த வேலையும் வந்த கதை. மூன்றும் ஒன்றாக வரவில்லை.

பெயர் முதலில் வந்தது. 1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளி. வெளியே பனி, உள்ளே தேகப்பயிற்சி செய்து அலுத்துப்போன 18 மாணவர்கள். ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்கார ஆசிரியர் அவர்களைக் கட்டிமேய்க்க ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. காவலாளியிடம் பெட்டி கேட்டார், அவர் பீச் பழக்கூடை இரண்டு கொண்டுவந்தார். மாடி வராந்தாவின் கைப்பிடியில் அவற்றை அறைந்தார்கள். கைப்பிடி இருந்த உயரம் 10 அடி. இன்றைக்கும் ராசிபுரத்தில் ரிங் 10 அடியில் இருப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது.

18 பேர் இருந்ததால் அணிக்கு ஒன்பதாகப் பிரித்தார். அந்த ஒன்பது பேரை நைஸ்மித் வரிசையாக நிறுத்திய விதத்தில்தான் நம் சங்கதி இருக்கிறது. தன் கூடைக்குப் பக்கத்தில் ஒரு கோல்கீப்பர், அவனுக்கு முன்னால் இரண்டு கார்டு, மைதானத்தின் நடுவில் மூன்று சென்டர், அவர்களைத் தாண்டி இரண்டு விங், எதிரிக் கூடைக்குப் பக்கத்தில் 'ஹோம் மேன்' என்ற ஒருவன். அதாவது சென்டர் என்றால் நடுவில் நிற்கிறவன், அவ்வளவுதான். கூடைக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை, உயரத்துக்கும் சம்பந்தமில்லை. இன்று நாம் சென்டர் என்று சொல்லும் ஆள் செய்கிற வேலையை அன்று யாராவது செய்திருந்தால் அது அந்த ஹோம் மேன்தான். அந்தப் பெயர் ஏனோ செத்துப்போய்விட்டது.

அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது மொத்தமே ஒரு கூடை. மாடி வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? பந்து கூடைக்கு வரும்போது கையை நீட்டித் தங்கள் அணிக்குச் சாதகமாகத் தட்டிவிட்டார்கள். அதைத் தடுக்கக் கூடைக்குப் பின்னால் கம்பிவலை கட்டினார்கள். கோழிவலைதான். நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்கு அடிக்கிற அதே அறுகோணக் கண் வலையின் ஒன்றுவிட்ட பாட்டன். கூடைப்பந்தின் முதல் போர்டு அதுதான். வலை அடிபட்டு அடிபட்டுக் குழிந்தது. சொந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் குழி எங்கே என்று மனப்பாடம். வந்த அணிக்குத் தெரியாது. பிறகு மரப்பலகை வந்தது. போர்டு வந்த பிறகுதான் தெறித்து விழும் பந்து என்று ஒன்று உண்டாயிற்று. தெறித்து விழும் பந்து இருந்தால்தான் அதை எட்டி எடுக்க ஒருவன் வேண்டும். நம் பையனுடைய ஏழு ரீபவுண்டுக்கும் அந்த மாடியில் நின்று வம்பு செய்தவர்கள்தான் மூலகாரணம்.

ஒன்பது பேர் 1897-க்குள் ஐந்து பேராகக் குறைந்தார்கள். மூன்று சென்டரில் ஒருவன் மிஞ்சினான். அவனுக்கு அன்றிருந்த முக்கியமான வேலை நடுவட்டத்தில் எகிறுவது. இப்போது ஆட்டம் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை நடுவர் பந்தை மேலே போட்டு இரண்டு பேரை எகிற விடுகிறாரே, அது அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் நடந்தது. கூடை விழுந்ததா, எல்லாரும் நடுவுக்கு வா, மறுபடி எகிறு. எகிறுவதில் ஜெயிக்கிற அணிக்குப் பந்து. அப்படியென்றால் உன் அணியில் இருப்பதிலேயே நெட்டையான ஆளை எங்கே நிறுத்துவாய்? நடுவில்தான். நெட்டையனும் 'சென்டர்' என்ற சொல்லும் சேர்ந்தது இப்படித்தான். இந்த எகிறல் 1937-ல் ஒழிந்தது. பெயரைத் தந்த வேலை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஊரை விட்டுப் போன பிறகும் ஊர்ப்பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்கிற மாதிரி.

இடம் எப்படி வந்தது என்பது எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. அதைச் செய்தவன் நெட்டையன் இல்லை.

1920-களில் நியூயார்க்கில் 'ஒரிஜினல் செல்டிக்ஸ்' என்று ஓர் அணி இருந்தது. ஊர் ஊராகப் போய்க் காசுக்கு ஆடுகிறவர்கள். நம் பக்கம் வாலிபால் அணிகள் வேன் பிடித்துப் பொங்கல் டோர்னமெண்டுக்குப் போகிற மாதிரி, வருஷம் முழுக்கப் போனார்கள். ஒரு தடவை எதிரணி இவர்களுக்கு ஒரு தொல்லை கொடுத்தது. அவர்களில் ஒருவன் எதற்கும் முன்னால் ஓடுவதில்லை. தன் கூடைக்கு முன்னால் ஃப்ரீ த்ரோ கோட்டருகே காவலுக்கு நின்றுவிட்டான். செல்டிக்ஸ் ஆட்டமே வேகமாகக் குறுக்கும் நெடுக்கும் பாஸ் கொடுத்து வெட்டிப் புகுவது. நடுவில் இவன் நந்தி மாதிரி நின்றதால் ஒன்றும் ஓடவில்லை.

அந்த அணியில் டச் டெனர்ட் என்று ஒருவர். உயரம் 6 அடி 1 அங்குலம்தான். ஆனால் தோளும் முதுகும் அகலம். அவர் சொன்ன யோசனை எளிமையானது: நான் போய் அவனுக்கு முன்னால் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பந்தை என்னிடம் போடுங்கள், நான் உங்களிடமே திருப்பிப் போடுகிறேன். அப்படியே செய்தார்கள். பந்து டெனர்டிடம் போனது, ஓடி வந்தவனிடம் திரும்பியது, அவன் கூடை போட்டான். மறுபடியும் அதே. காவலாளிக்குப் பொறுக்கவில்லை. டெனர்டின் பக்கவாட்டில் கையை நீட்டிப் பந்தைத் தட்டப் பார்த்தான். அவன் எந்தப் பக்கம் சாய்ந்தானோ அதற்கு எதிர்ப்பக்கம் டெனர்ட் ஒரு காலை ஊன்றிச் சுழன்றார். முன்னால் யாருமில்லை, கூடை மட்டும் இருந்தது.

அந்த ஊன்றுகால் சுழற்சிக்குத்தான் 'பிவட்' என்று பெயர். அந்த இடத்தில் நிற்கும் ஆளுக்கும் கொஞ்ச காலம் அதே பெயர். இன்று போஸ்ட் என்கிறோம். வேப்பமரத்தடிச் சண்டைக்கு இதில் ஒரு சாட்சியம் இருக்கிறது. அந்த இடம் பிறந்தபோது அங்கே நின்றவனுக்கு இருந்த முதல் வேலை பந்தைத் திருப்பிக் கொடுப்பது. கூடை போட்டது இரண்டாவது. தடுக்க வந்தவன் தப்பு செய்தபோது கிடைத்த லாபம். உயரம் அந்தக் கதையில் வரவே இல்லை.

பிறகு எல்லாரும் அதைக் காப்பியடித்தார்கள், நெட்டையனை வைத்து. டெனர்டின் முதுகும் கையும் செய்ததை உயரம் இன்னும் சுலபமாகச் செய்தது. ரிங்குக்குப் பக்கத்திலேயே நிற்க வை, தலைக்கு மேல் பந்தைப் போடு. அங்கே ஒரே தள்ளுமுள்ளு. விதி எழுதுகிறவர்கள் அவனை அங்கிருந்து கிளப்பப் பார்த்தார்கள். 1930-களின் தொடக்கத்தில், ரிங்குக்கு முன்னால் தரையில் வரைந்திருக்கும் பட்டைக்குள் பந்தை வைத்துக்கொண்டு 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்றார்கள். 1936 வாக்கில் பந்து இல்லாவிட்டாலும் நிற்கக் கூடாது என்றார்கள். நம் சார் அந்தப் பையனை ரிங்குக்குக் கீழேயே நிற்கச் சொல்கிறாரே, விசில் வைத்திருப்பவர் எண்ணினால் ஒவ்வொரு தடவையும் 3 விநாடி விதிமீறல். எங்கள் பக்கம் பள்ளி ஆட்டங்களில் அதை யாரும் எண்ணுவதில்லை, அது வேறு.

அந்தப் பட்டை அப்போது 6 அடி அகலம். அதன் தலையில் 12 அடி வட்டம். மேலேயிருந்து பார்த்தால் பூட்டின் சாவித்துவாரம் மாதிரி இருக்கும். அதனால் 'கீ'. பிறகு பட்டை அகன்றது, சாவித்துவாரம் போயிற்று, பெயர் இருக்கிறது. 1956-ல் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபா அந்தப் பட்டையைக் கீழே அகன்றும் மேலே குறுகியும் மாற்றியது, ஏறக்குறைய முறம் மாதிரி: மேலே 3.6 மீட்டர், ரிங் பக்கம் 6 மீட்டர். 2010-ல் அது திரும்பவும் நேர்ச் செவ்வகமானது. இந்த மைதானத்தில் புதுச் செவ்வகத்துக்கு அடியில் பழைய முறத்தின் மஞ்சள் பெயிண்ட் இன்னும் தெரிகிறது. எந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று பையன் குழம்பினால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

பட்டை அகலத் தூண்டுகோலாக இருந்தவர்களில் முதல் பெரிய பெயர் ஜார்ஜ் மைக்கன். 6 அடி 10 அங்குலம், தடித்த கண்ணாடி, ஆரம்பத்தில் கால் தட்டுகிற ஆள். கல்லூரியில் அவருடைய பயிற்சியாளர் ரே மேயர் அவரைக் கயிறு தாண்ட வைத்தார், குத்துச்சண்டை பழக வைத்தார், நடனம்கூடக் கற்றுக்கொள்ள வைத்தார். ரிங்குக்குக் கீழே நின்று வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று என்று பந்து கீழே விழாமல் மாற்றி மாற்றிப் போடும் பயிற்சிக்கு அவர் பெயர்தான், மைக்கன் டிரில். கூடைப்பந்து ஆடிய எவனும் அதைச் செய்யாமல் தப்பித்திருக்க மாட்டான். அது யாருடைய பெயர் என்று கேட்டால்தான் முழிப்பான்.

மைக்கனும் அவர் காலத்து இன்னொரு நெட்டையரான பாப் கர்லண்டும் ரிங்குக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் பந்தையே தட்டிவிட்டார்கள். 1944-ல் அதற்குத் தடை வந்தது. தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் ஆடிய மைக்கனை ரிங்கிலிருந்து தள்ளி வைக்க 1951-ல் பட்டையை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். அதற்கு முன் 1950 நவம்பர் 22 அன்று எதிரணி ஒன்று அவரைச் சமாளிக்க ஒரு வழி கண்டது: பந்தை அவர் அணியிடம் கொடுக்காமலே வைத்துக்கொண்டிருப்பது. ஃபோர்ட் வெய்ன் 19, மினியாபொலிஸ் 18. ஆட்டம் முழுக்க அவ்வளவுதான். அந்த 18-ல் 15 மைக்கன் போட்டது. பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்ட அந்த மாதிரி ஆட்டங்கள்தான் 1954-ல் 24 விநாடிக் கடிகாரத்தைக் கொண்டுவந்தன.

அண்ணன் நிற்கும் வருஷத்துக்கு வருவோம். 1962 மார்ச் 2. ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊரில் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்ட் போட்டார். அந்த சீசனில் அவர் சராசரி ஆட்டத்துக்கு 50.4. சென்டரிடம் ஒவ்வொரு தடவையும் பந்தைக் கொடு என்கிற கட்சிக்கு அதற்குமேல் ஆதாரம் வேண்டியதில்லை. அண்ணனுக்கு இந்த 100 தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருஷம் கோப்பை யாருக்கு என்பதைத்தான் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். பாஸ்டனுக்கு. அங்கே சென்டர் பில் ரஸ்ஸல். தன் ஆட்டவாழ்வு முழுவதும் அவர் சராசரி 15 பாயிண்ட் சொச்சம். 13 சீசனில் 11 கோப்பை. ரஸ்ஸல் ரீபவுண்ட் எடுத்த கையோடு பந்தை வெளியே வீசுவார். அவர் கால் தரையில் படுமுன் பாஸ்டன்காரர்கள் அடுத்த ரிங்குக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். சென்டர் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவன், முடித்து வைக்க வேறு நாலு பேர் இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. வில்ட்டா ரஸ்ஸலா என்ற வழக்கு அறுபது வருஷமாக நடக்கிறது, கமலா ரஜினியா மாதிரி.

என்னைக் கேட்டால் அந்த வழக்கில் தீர்ப்புக்கு மிக அருகில் போனவர் வில்ட்டேதான். 1967-ல் பிலடெல்பியாவுக்கு ஆடியபோது பயிற்சியாளர் அலெக்ஸ் ஹேனம் அவரைக் குறைவாகப் போடச் சொன்னார், நிறையக் கொடுக்கச் சொன்னார். 1962-ல் 50 இருந்த சராசரி 24-க்கு இறங்கியது. முதல் கோப்பை வந்தது. அடுத்த சீசனில் அந்த லீக்கிலேயே அதிக அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ், அவர் பெயரில்: 702. அன்று அந்த லீக்கிலேயே அதிகம் கூடை போட்டிருந்த சென்டர், டெனர்ட் நின்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பட்டையை இதற்குள் 16 அடியாக்கியிருந்தார்கள், அவரைத் தள்ளிவைக்கத்தான்.

இனி நம் ஊர். ஸ்பிரிங்ஃபீல்டில் அந்த முதல் ஆட்டம் ஆடியவர்களில் ஒருவரான டங்கன் பேட்டன் 1894-ல் ஒய்.எம்.சி.ஏ. பணிக்கு இந்தியா வந்தார். ஆனால் தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் வேர் பிடித்தது 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியால் என்றுதான் சொல்வேன். அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். அங்கே பயின்ற ஆசிரியர்கள் விசிலும் கான்வாஸ் ஷூவுமாக மாவட்டங்களுக்குப் போனார்கள். அவர்கள் பழக்கியவர்கள் பி.டி. சார் ஆனார்கள், அவர்கள் பழக்கியவர்களில் ஒருவர்தான் நம் வேப்பமரத்தடி சார் என்றால் ஆச்சரியமில்லை. 1934-ல் டெல்லியில் முதல் தேசியப் போட்டி, 1950-ல் தேசியக் கூட்டமைப்பு.

சேலம் மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்திலும் சரி, 1997-ல் நாமக்கல் பிரிந்த பிறகும் சரி, எங்கள் பக்கம் கிராமத்துக்குப் பிடித்தது கபடியும் வாலிபாலும். இரண்டுக்கும் செலவில்லை. கூடைப்பந்துக்குச் சிமெண்ட் வேண்டும், கம்பம் வேண்டும், அதனால் அது பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரோடு நின்றுவிட்டது. நல்ல ஆட்டம் பார்க்க வேண்டுமானால் பரமத்திவேலூர்ப் பாலத்தில் காவிரியைத் தாண்டிக் கரூர் போக வேண்டும், எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை ஆட்டத்துக்கு. இல்லாவிட்டால் கோயம்புத்தூர், நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கு. ராணுவம், கப்பற்படை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று அணிகள் வரும். கரூரில் கேலரியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே, வடக்கத்தி சென்டர் ஒருவர் வார்ம்-அப்பில் எகிறாமலே வலையைத் தொட்டதைப் பார்த்து வாய் பிளந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆட்டம் தொடங்கியது. அவருக்கும் பந்து வரவில்லை.

காரணம் எளிது. உள்ளே நிற்கிறவனுக்குப் பந்து கொடுப்பது, கூடைப்பந்தில் கற்றுக்கொடுக்கவே கஷ்டமான பாஸ். தடுக்கிறவனின் கைக்கும் இடுப்புக்கும் நடுவே பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, போஸ்ட்டில் நிற்பவனின் எட்டத்துக் கையில் விழ வைக்க வேண்டும். ஒரு முழம் முன்னே போனால் எதிரிக்கு, பின்னே போனால் கோட்டுக்கு வெளியே. இதைப் பழக நேரம் வேண்டும். நேரம் இல்லாத ஊரில் கார்டாக ஆடுகிறவன் தானே போட்டுவிடுகிறான், தவறினால் எடுக்கத்தான் நெட்டையன் இருக்கிறானே. இன்னொன்று, நாம் சென்டரைத் தேர்ந்தெடுக்கிற விதம். மற்றவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து ஆடி வருகிறார்கள். இவனை ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று வளர்ந்தான் என்று பிரேயரில் நின்ற வரிசையிலிருந்து இழுத்து வருகிறோம். தேசிய அணிக்கே இதுதான் கதை. பஞ்சாபின் அமிர்தபால் சிங் கபடி ஆடிக்கொண்டிருந்து, வளர்ந்த பிறகு இங்கே வந்தவர். 2014-ல் ஊஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் சீனாவை 65-58 என்று இந்தியா தோற்கடித்தபோது அந்த அணியில் ஆடினார்; 2017-ல் சிட்னி கிங்ஸ் அவரை எடுத்தது. பத்து வயதில் கையில் பந்து கிடைத்திருந்தால் எங்கே போயிருப்பாரோ.

சின்ன வயதிலேயே கிடைத்தவரும் ஒருவர் உண்டு. சத்னாம் சிங், பல்லோ கே என்ற பஞ்சாப் கிராமத்துக்காரர். 14 வயதில் அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். 7 அடி 2 அங்குலம். 2015 ஜூன் 25 அன்று டல்லாஸ் அணி அவரை 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது, என்.பி.ஏ. தேர்வில் பெயர் வாசிக்கப்பட்ட முதல் இந்தியர். இங்கே இனிப்புக் கொடுத்தார்கள்.

அதற்கு ஒன்பது நாள் முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். இறுதித் தொடரில் 1-2 என்று பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்டேட் அணி, நான்காம் ஆட்டத்தில் தன் ஏழடிச் சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு, 6 அடி 6 அங்குல ஆண்ட்ரே இகுடாலாவை இறக்கியது. அதிலிருந்து மூன்று ஆட்டமும் ஜெயித்து ஜூன் 16 அன்று கோப்பையைத் தூக்கியது. சென்டரே இல்லாமல் ஐந்து பேரும் வெளியே நின்று ஆடலாம் என்று உலகம் முடிவு கட்டிய வாரம் அது. கல்லூரிப் பையன் நிற்கும் வருஷம். நெட்டையனுக்கு வேலை இல்லை என்று கடையைச் சாத்துகிற நேரத்தில் இந்தியா தன் முதல் நெட்டையனை அனுப்பியிருக்கிறது. சத்னாம் டல்லாஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜெண்ட்ஸில் ஆடினார், என்.பி.ஏ. சீசன் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. பிறகு அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். முகூர்த்தம் தப்பிய கல்யாணம்.

கடை சாத்தப்படவும் இல்லை. அதற்கு முந்தைய வருஷம், 2014 தேர்வில், 41-ஆவது ஆளாக ஒரு செர்பியர் தேர்வாகியிருந்தார். அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது தொலைக்காட்சியில் தின்பண்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நிகோலா யோகிச். கொஞ்சம் தொப்பை, எகிறல் சுமார், ஊரில் குதிரை வளர்க்க ஆசை. 2021, 2022, 2024 மூன்று வருஷம் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர், நடுவில் 2023-ல் கோப்பை. 2024-25 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 29.6 பாயிண்ட், 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட். அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். அவர் ஃப்ரீ த்ரோ கோட்டருகே கூடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பந்து அவரிடம் போகிறது. மற்ற நாலு பேரும் அவரைச் சுற்றி வெட்டி ஓடுகிறார்கள். ஓடுகிறவனிடம் திருப்பிப் போடுகிறார். தடுக்கிறவன் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் சுழல்கிறார். நூறு வருஷத்துக்கு முன்னால் டெனர்ட் செய்தது, அச்சு அசல்.

இதை வேப்பமரத்தடியில் நான் முழுதாகச் சொல்லவில்லை. சொன்னது டெனர்ட் கதை மட்டும், அதுவும் பாதி. "அவனை ரிங்குக்கு அடியில இருந்து மேல வரச் சொல்லுங்க சார், ஃப்ரீ த்ரோ லைனுக்கு. பந்து குடுக்கட்டும், அவன் திருப்பிக் குடுக்கட்டும். போட வேண்டாம்" என்றேன். சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டாம் பாதியில் நாலு நிமிஷம்தான் பாக்கி. அணி பன்னிரண்டு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, டைம்-அவுட் கேட்டுச் சொல்லிவிட்டார்.

பையன் மேலே வந்தான். பழைய முறத்தின் மஞ்சள் கோட்டில் காலை வைத்து நின்றான். பந்து வந்தது. கையில் பந்து இருப்பதே அவனுக்கு அதிர்ச்சி; இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். இடது பக்கம் குட்டைப் பையன் ஒருவன் வெட்டி ஓடினான், இவன் போட்டான், அவன் லே-அப் போட்டான். அடுத்த முறையும் அதேபோல. மூன்றாம் முறை தடுக்க வந்தவன் உஷாராகி அந்தப் பக்கமே சாய்ந்தான். மறுபக்கம் ரிங் வரை யாருமில்லை. பையன் அதைப் பார்த்துவிட்டான். பார்த்தது முகத்தில் தெரிந்தது. சுழன்றான். ஊன்றிய காலும் கூடவே சுழன்றது, அப்புறம் அடுத்த கால், அப்புறம் மறுபடி முதல் கால். விசில்.

"நான்தான் சொன்னனுங்களே, டிராவல் பண்ணுவான்னு" என்றார் சார்.

"பாத்தீங்களா, போடத்தான் திரும்பறான், போடத்தான் திரும்பறான்" என்று அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

கல்லூரிப் பையன் பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டே, அவன் நின்ற இடத்திலிருந்து த்ரீ பாயிண்ட் கோடு எவ்வளவு தூரமிருக்கும் என்று கேட்டான்.